கொசு, தேனீ, வண்டு

ஏப்ரல் 16

கடைசித் தேர்வு எழுதிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். சமூக அறிவியல் எப்படி என்று அப்பா கேட்கவில்லை. சர்வர் பெட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா முத்து? தெரையில என்ன போட்டுருக்குன்னு பாரு."

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தொடர வேண்டுமானால் எஃப் ஒன் விசையை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அழுத்தினேன். பெட்டி உறுமிவிட்டு வேலையைத் தொடங்கியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

"காலையில கரண்டு போயி வந்ததுலேர்ந்து இப்படியே கெடக்கு. நானும் அமுக்காத கட்டை இல்ல. ஒரு நாள் எஃப் ஒன்னு கேக்கு, ஒரு நாள் எஃப் டூ கேக்கு. தப்பா அமுக்குனா உள்ள எங்கயோ போயி ஒக்காந்துக்கிடுது."

என்றாவது யாராவது இந்த நோட்டை வாசித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்களை எழுதிவைக்கிறேன். என் அப்பா பால்வண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் டெலிபோன் ஆபரேட்டர். அம்மா சண்முகக்கனி அஞ்சலகத்தில் தபால் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதற்குள் ஐந்து தனித்தனிக் கணினிகள் இருப்பது போல அப்பா ஏற்பாடு செய்திருக்கிறார். ஒன்று தொலைபேசி அழைப்பை எடுக்கும். ஒன்று பாடங்களை வைத்திருக்கும். ஒன்று யார் எந்த இடத்தில் கேட்டு நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் எங்கள் வீட்டுப் படங்களுக்கும் அப்பாவின் பாட்டுகளுக்கும். பார்வையில்லாத மாணவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் அந்த எண்ணுக்கு அழைத்துப் பாடம் கேட்கலாம். வரலாறும் புவியியலும் வாசித்திருப்பது அவர் மகள் நான்.

மற்ற நேரமெல்லாம் அப்பாவுக்கு என் உதவி தேவையில்லை. திரையில் இருப்பதைப் பேசும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் கணினி விழித்து எழும் அந்த முதல் சில நொடிகளில் அந்த மென்பொருள் இன்னும் எழுந்திருக்காது. அந்த நேரத்துத் திரையை நான்தான் வாசிப்பேன். ஏழாம் வகுப்பிலிருந்து.

ஏப்ரல் 17

விளாத்திகுளம் ராமலட்சுமி அக்கா அப்பாவின் கைப்பேசிக்கே அழைத்துவிட்டார். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறவர், தினமும் எங்கள் எண்ணில் பாடம் கேட்பவர். அவருக்கும் பார்வையில்லை.

"அண்ணே, நேத்து ஒங்க நம்பரு ஊமையாக் கெடந்துச்சு. ஜூன்ல பரிட்ச. நான் மட்டும் தோத்தேன்னு வைங்க, பாயச் சுருட்டிக்கிட்டு ஒங்க வாசல்ல வந்து படுத்துருவேன்."

"வாம்மா, எடம் இருக்கு."

"சோறு?"

"அத உங்க அண்ணிகிட்ட கேக்கணும்."

போனை வைத்தபின் அப்பா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 19

ஜெபராணி டீச்சர் வீட்டுக்கு வந்தார். மார்ச்சில் அவர் சொன்னதற்காக ஒரு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். திருச்சியில் தங்கிப் படிக்கும் பள்ளி, பதினொன்றும் பன்னிரண்டும். நூலகம் இரண்டு மாடி என்று டீச்சர் சொன்னார். இடம் கிடைத்தால் போவாயா என்று கேட்டார்.

"கஷ்டம் டீச்சர். அப்பாவுக்குத் தெரை வாசிக்க ஆள் வேணும்" என்றேன்.

டீச்சர் காப்பியைக் குடித்துக்கொண்டே உள்ளறைப் பக்கம் பார்த்தார். அப்பா அங்கே ஷிஃப்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் போட அவருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

இரண்டு மாடி நூலகத்தில் நல்ல புத்தகமாகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

ஏப்ரல் 21

அப்பா திடீரென்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு சர்வர் போதாதாம். மூன்று வேண்டுமாம். மூன்றையும் சேர்த்து ஒரு கிளஸ்டர் ஆக்கிவிட்டால், ஒன்று விழுந்தாலும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தவை மற்றொன்றில் தாமாக எழுந்துவிடும். எடிசன் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். எடிசன் அண்ணன் பழைய கணினி வாங்கி விற்பவர்.

அம்மா தோசைக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "ஒண்ணுக்கே மாவு மில்லு மாதிரி சத்தம். மூணு வந்தா நாங்க எங்கன போயி இருக்க?"

"ரெண்டு போதாதாப்பா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு பேரு மட்டும் இருந்தா, எதிராளி பேச்சு நின்னுச்சுன்னா செத்தது அவனா, இல்ல நடுவுல வயரு போச்சான்னு தெரியாது. ரெண்டு பேருமே நான்தான் மிச்சம்னு வேலைய எடுத்துச் செஞ்சா எல்லாம் கொழம்பிரும். மூணாவது ஆளு இருந்தா, ரெண்டு பேரு சேந்து முடிவு பண்ணிக்கிடும்."

"நம்ம வீடு மாதிரி" என்றேன்.

"நம்ம வீட்ல மூணு பேரு இருந்தும் முடிவு பண்ணுதது உங்கம்மா ஒருத்திதான."

"தோச கருகுது" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 24

எடிசன் அண்ணன் ஸ்கூட்டரில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்று ஏதோ வங்கிக் கிளையிலிருந்து வந்தது. பக்கவாட்டில் வரிசை எண் ஸ்டிக்கர் இருந்தது. இன்னொன்று கல்யாண வீடியோ எடுப்பவருடையது. அதில் யார் யாருடையவோ கல்யாணங்கள் அப்படியே இருந்தன. ஒன்றைத் திறந்து பார்க்கலாமா என்றேன்.

"தொடாத. கிளஸ்டர்ல சேருத பெட்டி வெறும் பெட்டியா வரணும். உள்ள எதையாவது வச்சுக்கிட்டு வந்தா சேத்துக்கிடாது. அடுத்த வீட்டுக் கல்யாணம் நமக்கெதுக்கு?"

அழிப்பதற்கு முன் அப்பாவே எடிசன் அண்ணனை அழைத்து, வீடியோக்காரரிடம் ஒரு முறை கேட்கச் சொன்னார். அவரிடம் எல்லாவற்றுக்கும் நகல் இருந்தது. பிறகுதான் அழித்தோம்.

பிற்பகல் முழுக்க நான் திரை வாசித்தேன். அப்பாவின் விரல் விசையில் இருக்கும், என் கண் திரையில். "இப்ப?" என்பார். நான் வாசிப்பேன். "கீழ மூணாவது வரி, வெள்ளையா இருக்கு" என்பேன். அவர் அம்புக்குறியை மூன்று தட்டுவார். எழுத்து என்று எது இருந்தாலும் முழுவதும் வாசித்துவிடுவது என் பழக்கம். மருந்து அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் விடமாட்டேன். இன்று கம்பெனியின் பெயர், உரிமை வாசகம் எல்லாம் வாசித்தேன்.

"முத்து, எவன் செஞ்சா நமக்கென்ன? நகரு."

ஆனால் அவர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் இந்த மாதிரி நாட்கள்தான் மிகவும் பிடிக்கும்.

ஏப்ரல் 26

இன்று முழுவதும் வயர்.

ஏப்ரல் 29

மூன்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியின் விசிறிக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. வங்கிப் பெட்டி மெல்லிசாக ரீங்காரம் செய்வதால் கொசு. கல்யாண வீடியோப் பெட்டி தேனீ. எங்கள் பழைய பெட்டி வண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். கொசுவை மட்டும்தான் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்தது. அப்பா வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே எது வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லிவிடுகிறார்.

அதனால்தான் மூன்றையும் கூடத்து மூலையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார். ஒரே இடத்தில் நின்றால் மூன்றும் கேட்கும்.

மே 2

சேர்ந்துவிட்டன! அப்பா கட்டளையைத் தட்டினார். பேசும் மென்பொருள் தன் வழக்கமான அவசரக் குரலில் மூன்று பெயர்களையும் வாசித்தது. அப்பா அதை மறுபடி மறுபடி வாசிக்க வைத்தார்.

சாயங்காலம் சோதனை. எண்ணுக்கு அழைத்துப் பல்லவர் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். என் குரலை நானே கேட்பது கூச்சமாக இருந்தது. மகேந்திரவர்மன் வந்துகொண்டிருந்தான். பாதிச் சொல்லில் குரல் அறுந்தது. திரும்பினால் அப்பா கையில் வண்டுவின் மின்வயர். சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிவிட்டார்.

"இப்ப திரும்பக் கூப்பிடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அழைத்தேன். மறுபடி. கொசு பெரிதாக ரீங்காரம் எடுத்தது. அப்பா ஒரு விரலைத் தூக்கினார். அடுத்த அழைப்பில் கிளிக் என்று எடுத்தது. கொஞ்சம் பின்னால் போய், சிம்மவிஷ்ணுவிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. கால் மணிக்கு ஒரு முறைதான் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் போகும், அதனால் அந்த அளவு பின்வாங்கும் என்று அப்பா சொன்னார்.

அம்மா கூடக் கை தட்டினாள். நானும் தட்டினேன். ஒரு விஷயம் கவனித்தேன். இந்தச் சோதனையில் திரையை யாரும் பார்க்கவே இல்லை.

மே 9

மோசமான நாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு மேல் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. நான் சமையலறைப் பலகையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் முதலில் கத்தினார்.

"முத்து! கரண்டு போச்சா?"

தலைக்கு மேல் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இருக்குப்பா. லைட் எரியுது."

"நல்லாப் பாத்தியா?"

"எரியுதுப்பா."

அப்பா ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தினார். எதுவும் எழவில்லை. அப்புறம் மூடியைக் கழற்றினார். வயர்களைப் பிடுங்கி, துடைத்து, மாட்டினார். கடைசியில் மடி நிறைய வயரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூணும் ஒண்ணு போல எப்படிப் போகும்? நான்தான் ஏதோ தப்பாக் கோத்து வச்சிருக்கேன். ஒண்ணோட சீக்கு மூணுக்கும் பரவிட்டோ என்னமோ. ஒண்ணு இருந்தப்ப ஒண்ணுதான் போகும். இப்ப மூணும் போச்சு."

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாப் பெட்டியின் மேலும் இருந்த எழுத்துகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அது எதற்கும் பயன்படவில்லை.

அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்து, நேராக உள்ளறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். "ஏட்டி, ஃபிரிட்ஜுல லைட்டே இல்ல. பாலு திரிஞ்சு கெடக்கு. ஒரு பேஸு போனது கூடத் தெரியாம அப்பாவும் மகளும் என்ன பண்ணுதீங்க? தெருவுல பாதி வீட்ல இல்ல."

எங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் மின்சாரம். கூடமும் ஃபிரிட்ஜ் பிளக்கும் ஒன்றில், சமையலறை ஒன்றில், உள்ளறையின் மற்ற பக்கம் ஒன்றில். கோடையில் ஒன்று மட்டும் போய் மற்றவை இருப்பது புதிதல்ல. பெட்டிகளின் சத்தம் கேட்க வேண்டும் என்று கூடத்து மின்விசிறியை அப்பா போடவிடுவதில்லை; நான் சமையலறை விளக்கை மட்டும்தான் பார்த்தேன்.

அப்பா மடியிலிருந்த வயர்களைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார். "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்னு மூணு வாங்கி, மூணையும் ஒரே பிளக்குல சொருகி வச்சிருக்கேன். என்னைய மாதிரி ஒருத்தன் உண்டா?"

"இருக்குன்னு நான்தான சொன்னேன்" என்றேன்.

"நீ பாத்தத நீ சொன்ன. நான் கேட்ட கேள்வி சரியில்ல."

எனக்கு ஏன் கண்ணீர் வந்தது என்று தெரியவில்லை. தூசியாக இருக்கலாம். மூன்று பெட்டியையும் திறந்து போட்டிருந்தோம்.

மே 11

குடிபெயர்ப்பு. வண்டு கூடத்திலேயே இருக்கிறது. கொசு உள்ளறைக்கு. தேனீ சமையலறைப் பரண் மேல். மூன்றும் மூன்று பேஸில். மூன்றையும் இணைக்கும் ஸ்விட்சுக்கும், அழைப்புகள் வந்து சேரும் சிம் பெட்டிக்கும் தனியாகக் குட்டி பேட்டரிகள்.

சமையலறைக்கு அம்மா நிபந்தனைகள் போட்டாள். "தாளிக்கும்போது அதுக்கு இருமல் வந்துச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது. அப்பளம் சுடுத நேரத்துல வந்து காதக் குடுத்துக்கிட்டு நிக்கக் கூடாது. நான் மிக்ஸி போட்டா அது பொறுத்துக்கிடணும்."

"ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்றார் அப்பா.

இப்போது அப்பாவால் ஒரே இடத்தில் நின்று மூன்றையும் கேட்க முடிவதில்லை. காலையில் எழுந்ததும் கூடம், உள்ளறை, சமையலறை என்று ஒரு சுற்று நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு வருகிறார்.

மே 17

தேர்வு முடிவு வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். பள்ளியில் இரண்டாவது. திருச்சிப் பள்ளியிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஜெபராணி டீச்சர் போனில் அழுதே விட்டார்.

நான் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். காரணங்கள்: அங்கே தண்ணீர் உப்பு என்று யாரோ சொன்னார்கள். ஒரு அறையில் எட்டுப் பேராம், அவ்வளவு பேர் இருந்தால் படிக்க முடியாது. கைப்பேசி அனுமதியில்லை. இங்கேயும் நல்ல மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஜூனில் ராமலட்சுமி அக்காவுக்குப் பரீட்சை.

"அவ பரிட்சைய நீ எழுதப்போறியாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"பெட்டி நின்னா யாரு பாப்பா?"

"ஒனக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு இருக்கு."

"ஒனக்கு இங்கிலீஷ் வராதும்மா."

சொன்னவுடன், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அம்மா தபால் பிரிப்பவள். ஆங்கிலத்தில் முகவரி வாசிக்காமலா பிரிக்கிறாள்? அவள் கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "திருச்சிக்கு ரயிலு எப்பெப்ப இருக்கு?"

மே 22

எடிசன் அண்ணன் அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கணினியின் உள் அமைப்பில், எந்தக் குறை இருந்தாலும் நின்று எஃப் ஒன் கேட்காமல் மேலே போ என்று ஒரு வரி இருக்குமாம். அதை மாற்றிவிட்டால் மின்சாரம் போய் வந்தாலும் பெட்டி தானாக எழுந்துவிடும், திரையை யாரும் பார்க்க வேண்டாம்.

"மூணுலயும் அத மாத்தி வச்சிருவோம் முத்து" என்றார் அப்பா.

கொசுவில் அந்த வரி இரண்டாவது பக்கத்தில் இருந்தது. மாற்றினோம். தேனீயில் தேடிக் கண்டுபிடித்து மாற்றினோம். வண்டுவில் தெரியவில்லை. அது பழைய பெட்டி, எழுத்து மங்கல்.

"இல்லியா?"

"தெரியலப்பா. எழுத்து சரியா இல்ல."

"எல்லாப் பக்கமும் பாத்தியா?"

"பாத்தேன்."

அப்பாவின் விரல் அம்புக்குறி விசை மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "சரி. இருக்கட்டும்" என்றார்.

ராத்திரி சப்பாத்தி.

மே 23

வெயில் அதிகம். எழுத ஒன்றுமில்லை.

மே 28

திருச்சிப் பள்ளியிலிருந்து கேட்டார்கள். ஜூன் ஆறுக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நீல நிறம். வீடு பெருக்குவதே நான்தான், எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

ஜூன் 2

அப்பா நாளைக்கு என்னை வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார்.

"நூலகத்துக்குப் போ. காலையில போனா இருட்டுனப்பெறகு வா."

"எதுக்கு?"

"ஒரு நாள் நீ இல்லாம ஓட்டிப் பாக்கணும். எனக்கும் ஷிஃப்ட் உண்டு. வீட்ல யாருமே இருக்க மாட்டோம். மதியம் மெயினையே அமத்திப் போடுததுக்கு எடிசன் வாரான். கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுட்டுப் போயிருவான்."

"ஏதாவது நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். அதத்தான பாக்கணும்."

ஜூன் 3

நூலகத்தில் நாள் முழுவதும் இருந்தேன். ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வண்டு இப்போது கறுப்புத் திரையோடு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதாவது, நிற்கக்கூடும் என்று நினைத்தேன்.

நூலகத்துக்கு வெளியே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் நாணயம் போட்டுப் பேசும் போன் இன்னும் இருக்கிறது. எங்கள் எண்ணுக்கு அழைக்கலாமா என்று மூன்று தடவை வெளியே வந்தேன். நாலாவது தடவை அழைத்தேன்.

கிளிக் என்று எடுத்தது. பல்லவர் பாடம் வேண்டுமானால் ஒன்றை அழுத்தவும் என்றது என் குரல்.

இருட்டும் வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார். நான் ஐந்து மணிக்கே ஓடிவந்துவிட்டேன். அம்மா கூடத்தில் மூக்குக்கண்ணாடியோடு வண்டுவின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலகத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், தோளில் பை. அப்பா போனில், ஷிஃப்டிலிருந்து. கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"ஹெச்... ஏ... எல்... டி. தள்ளி ஓ, என்" என்று அம்மா எழுத்தெழுத்தாக வாசித்தாள். "அதுக்கு நேரா ஏ, எல், எல். ஆல். ஆல் எரர்ஸ்னு போட்டுருக்குங்க."

"அதேதான் கனி. எண்டர அமுக்கி, கீழ போயி நோ எரர்ஸ்னு வை."

"வச்சிட்டேன். இது மொதப் பக்கத்துலயே இருக்கே."

"இருக்கட்டும். எஃப் டென் அமுக்கு."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். முதல் பக்கம், நாலாவது வரி. எழுத்து வெள்ளை வெளேரென்று இருந்தது, வாசலிலிருந்தே தெரிந்தது.

"லைன் நிக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"கரண்டு வந்தப்பெறகு நிக்கல. வண்டு மட்டும்தான் எந்திரிக்கல. கொசுவும் தேனீயும் ரெண்டு பேருமாப் பேசி முடிவு பண்ணிக்கிட்டு வேலைய எடுத்துக்கிடுச்சாம். ஒங்கப்பாவுக்கு அங்க மில்லுல உக்காந்துக்கிட்டே போனு வழியாத் தெரிஞ்சிருக்கு."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மங்கலான எழுத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முட்ட பொரிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 4

காலையில் அப்பா தன் சுற்றை முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் படிப்பது போல இருந்தேன்.

"பக்கம் திருப்புத சத்தமே காணோம்" என்றார்.

புத்தகத்தை மூடினேன்.

"முத்து, நீ பக்கத்துல உக்காந்து வாசிக்கும்போது எனக்கு ரொம்ப நல்லா இருக்கும். அது வேற. அது வேணும்னுதான் எனக்கும் இருக்கு. நீ தெரைய வாசிச்சாத்தான் ராமலட்சுமிக்குப் பாடம் கேக்கும்னு இருந்துச்சு பாரு, அதான் எனக்குப் பிடிக்கல. உனக்கு ஒரு நாள் காச்சல் வந்தா என்ன செய்ய? டீச்சர் வந்துட்டுப் போன அன்னைக்கே எடிசனுக்குப் போன் போட்டுட்டேன்."

"நான் போயிட்டா ஒங்களுக்கு என்னையத் தேடாதாப்பா?"

"தேடாம? உங்கம்மா எழுத்தெழுத்தா வாசிக்கா. ஒரு பக்கம் வாசிக்கதுக்குள்ள எனக்கு ஒரு காப்பி குடிச்சு முடிஞ்சிரும்."

"எனக்குக் கேக்குது" என்று உள்ளேயிருந்து அம்மா.

வண்டுவைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். "அந்தப் பெட்டியில எழுத்து மங்கல்தான். நானும் பாத்துருக்கேன்" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அம்மா எட்டிப் பார்த்து, "லூசா?" என்றாள்.

ஜூன் 5

டீச்சருக்கு நானே போன் செய்து சொன்னேன். போகிறேன்.

ஜூன் 12

டிரங்குப் பெட்டியில் அம்மா முறுக்கு, எண்ணெய், சோப்பு, இரண்டு பூட்டு எல்லாம் வைத்தாள். அப்பா ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார். கைப்பேசிக்குத்தான் அனுமதியில்லை, இதற்குக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டாராம். புவியியல் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. காலை ரயில்.

ஜூன் 15, திருச்சி

தண்ணீர் உப்பு இல்லை. ஒரு அறையில் எட்டுப் பேர் என்பது உண்மை. நூலகம் இரண்டு மாடி என்பதும் உண்மை. மேல்மாடி திறக்க ஒரு வாரம் ஆகுமாம். பூட்டிய கதவின் கண்ணாடி வழியாகப் புத்தக முதுகுகளை மட்டும் வாசித்தேன்.

ஜூன் 18

நேற்று அழவில்லை. முந்தாநாள் கொஞ்சம்.

ஜூன் 29

ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். இன்று என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அம்மா எடுத்தாள். முறுக்கு தீர்ந்துவிட்டதா என்றாள். எல்லோருக்கும் கொடுத்தேன் என்றேன். ராமலட்சுமி அக்கா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாராம். பாயைச் சுருட்டும் தேவை வராது என்று சொல்லச் சொன்னாராம்.

"தேனீ செத்ததுலேர்ந்து சமையக்கட்டு ரொம்ப அமைதியா இருக்குட்டி" என்றாள் அம்மா.

"என்னது?"

"அன்னைக்கு, செவ்வாக்கெழம. நான் ரசம் தாளிக்கேன், கடகடன்னு ஒரு சத்தம், நின்னுட்டு. டிஸ்க்கு போச்சாம். நாளைக்கு எடிசன் வேற கொண்டு வாரான்."

"லைன்?"

"அதுக்கென்ன, ஓடுது."

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். "செவ்வாக்கெழம நடந்ததுக்கு ஞாயித்துக்கெழம என்ன கோவம்?" என்றார் அப்பா. "உன்னையக் கூப்பிட்டு என்ன செய்யச் சொல்ல? கொசு எடுத்துக்கிடுச்சு. நான் கூட மறுநாள் காலையில சுத்தி வரும்போதுதான் கவனிச்சேன். அத விடு. மண் வகைகள் பாடம் எப்ப அனுப்பப் போற? கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அனுப்புதேன்" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி என் சடையை இழுத்தாள். வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபமில்லை. கொஞ்ச தூரம் நடந்து, துணி காயப்போடும் இடத்தில் நின்றுவிட்டுத்தான் அறைக்கு வந்தேன்.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் இருப்பவள் முதுகுளத்தூர் நூர்ஜஹான். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"தேனீ செத்துப்போச்சு" என்றேன்.

அவள் கீழே குதித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடித்தே விட்டாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஐயோ, ஆள் இல்லை, பெட்டி என்று நான் சொல்ல, என்ன பெட்டி என்று அவர்கள் கேட்க, ஒரு பெட்டிக்குள் ஐந்து கணினி எப்படி இருக்கும் என்று இன்னொருத்தி கேட்க, கடைசியில் ஆறு பேர் என் கட்டிலில். மூன்று டம்ளரை மூன்று மூலையில் வைத்து விளக்கினேன். மே மாதத்துப் பேஸ் கதை வந்தபோது சிரித்த சிரிப்பில் வார்டன் வந்து எட்டிப் பார்த்தார்.

நூர்ஜஹான் மட்டும் ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீ இங்க இருந்தாலும் அங்க அதுபாட்டுக்கு ஓடும்?"

"ஓடும்" என்றேன். சொல்லும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது. அவளிடம் கேட்டால் அவளும் அப்படித்தான் சொல்வாள்.

படிப்பு மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. மண் வகைகளை எங்கே உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்யலாம் என்று கேட்டேன். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் சத்தமே இருக்காது என்று நூர்ஜஹான் சொல்கிறாள். வாசலில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள ஆறு பேரும் வருகிறார்களாம். ஆறு பேர் இருந்தால் எப்படிச் சத்தமில்லாமல் இருக்கும்?

போய்ப் பார்க்கிறேன்.